மட்டையின் கழுத்தில் ஒரு கோடு

செம்பூரில் நான் வேலை பார்த்த கோல்ஃப் கிளப்பில் மட்டைகள் வைக்கப் புது அறை கட்டியிருக்கிறார்கள். சுவரில் ஒரு இயந்திரம் நாள் முழுக்கக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே ஊற்றுகிறது. திறப்பு விழாவுக்கு முன்னால் செயலாளர் மேடம் எனக்குப் போன் செய்தார். "செய்யது பாய், மட்டைகளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், அறையில் மாட்டுகிறோம். ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் யார் படிக்கப் போகிறார்கள்?" என்று ஹிந்தியில் சொன்னார்.

முப்பத்தாறு வருஷத்துக்கு ஒரே ஒரு பக்கம்! நல்ல நியாயம்தான். இருந்தாலும் நான் சொல்லச் சொல்ல என் மகள் ஆயிஷா கம்ப்யூட்டரில் அடித்தாள். பதினோரு விதிகள் வந்தன. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். கோணாமல் நேராகத்தான் தொங்குகிறது. ஏழாவது விதி, மட்டைகளை ஒருபோதும் சூட்டு அலமாரிக்குள் வைக்கக் கூடாது என்பது. இப்போது அறையைப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு, "ஏன் பாய், வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். அதற்குச் சட்டத்துக்குள் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தாராவிக்காரன். வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் தோல் பட்டறை வைத்திருந்தார். பெல்ட், பை, செருப்பு வார் எல்லாம் தைத்துப் பழகிய கை என்னுடையது. கிளப்பில் மட்டைப் பைகளின் வார் அறுந்துபோனால் தைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை என்றுதான் போனேன். அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கிருஷ்ணமூர்த்தி சார். மாட்டுங்காவிலிருந்து ரயிலில் வருவார். முன்பு டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். நான் தைத்த வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு கோல்ஃப் தெரியுமோ?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவா எல்லாம் ஆடப் போயிடறா. நேக்குப் பத்திரமா வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நாளைலேர்ந்து வந்துடுங்கோ."

அப்படிச் சேர்ந்தவன்தான். முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துடைத்தேன். அவ்வளவுதான்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரர் ஒரு பையில் பதினாலு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரம் அடிக்கப் பெரிய தலை வைத்தது டிரைவர். மற்றதில் பெரும்பாலானவை இரும்புத் தலை, நம்பர் போட்டிருக்கும். தலை தனி, தண்டு தனி, பிடிக்கிற ரப்பர் தனி. தலைக்குள் தண்டைச் செருகிப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இரண்டும் சேருகிற கழுத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பெரிய கம்பெனி, பெரிய விலை, எல்லாம் சரி. கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் பசை. இதை எத்தனையோ மெம்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பியதில்லை.

ஆட்டம் முடிந்து பை என் மேசைக்கு வந்ததும் முதல் வேலை, மட்டைகளை எல்லாம் வெளியே எடுப்பது. பைக்குள்ளேயே விட்டுத் துடைக்கிறவன் சோம்பேறி. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. இரும்புத் தலை மட்டும் மூழ்க வேண்டும்; கழுத்து வளையம்வரை தண்ணீர் ஏறக் கூடாது. முகத்தில் உள்ள கோடுகளுக்குள் மண் ஒட்டியிருக்கும். அதைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் எடுத்தால் கையை உடைப்பேன் என்று ஒரு தடவை ஒரு மெம்பரிடமே சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு துண்டால் ஒரு தடவை, காய்ந்த வேறு துண்டால் இன்னொரு தடவை. தண்டைத் துடைக்கிறவர்கள் உண்டு. பிடியைத் துடைக்கிறவர்கள் குறைவு. பிடியில்தான் ஐயா உங்கள் உள்ளங்கை வியர்வை எல்லாம் இருக்கிறது! அதைச் சோப்புத் துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் ரப்பர் புதுசு மாதிரி ஒட்டும். மரத் தலைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ஈரம் சுத்தமாகப் போகும்வரை எந்தத் தலைக்கும் உறை மாட்டக் கூடாது. உறைக்குள் ஈரத்தை வைத்துக் கட்டுவதும் ஒன்று, துருவை வளர்ப்பதும் ஒன்று.

அடுத்தது பை. எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உதற வேண்டும். அதிலிருந்து விழாத பொருள் கிடையாது. கறுத்த வாழைப்பழம், பாதி வடாபாவ், பேரனுடைய பள்ளிக்கூட அடையாள அட்டை, ஒரு தடவை ஒரு பல்செட். மழைக்காலத்தில் ஒவ்வொரு பைக்குள்ளும் சாக்பீஸ் துண்டுகளை மல் துணியில் முடிந்து போடுவோம். ஈரத்தை அது குடிக்கும். வெயில் அடிக்கிற அன்றைக்கு அந்த முடிச்சுகளை எல்லாம் மாடியில் பரப்பிக் காயவைத்துத் திரும்பப் போடுவோம்.

கிருஷ்ணமூர்த்தி சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை. சனிக்கிழமை தோறும் அறைக்குள் வந்து நாலைந்து பைகளைப் பொறுக்கி எடுப்பார். ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். உள்ளே கை விட மாட்டார். மோந்தாலே அவருக்குத் தெரியும். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஏதாவது ஒரு இரும்பின் முகத்தில் ஒரு தடவை இழுப்பார். கைக்குட்டையில் பழுப்பு ஏறினால், அந்தக் கறை உள்ளே போகும்படி நாலாக மடித்து என் மேசையில் வைப்பார். "இன்னொரு தடவை பாருங்கோளேன்" என்பார். போய்விடுவார். அந்தக் கைக்குட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "இந்த வாரமும் உங்க சார் லெட்டர் போட்டிருக்காரா?" என்று என் வீட்டுக்காரி கதீஜா கேலி செய்வாள். மூன்றாவது வருஷத்தின் நடுவில் கைக்குட்டை வருவது நின்றது. அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு கப்பல் கேப்டன் மெம்பராக இருந்தார். மட்டைகளை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனவர், மூன்று மழைக்காலம் கழித்துத்தான் திரும்பினார். பழைய காலத்துச் செட் அது. டிரைவர் தலை மரம், பிடிகள் தோல். அந்தத் தோலுக்கு நான் மாதம் ஒரு தடவை வாப்பா பட்டறையில் செய்கிற மாதிரி மெழுகும் எண்ணெயும் சேர்த்துப் பூசி வந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கேப்டன் வந்து உறையைக் கழற்றினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் இல்லாதபோது யார் ஆடியது?" என்றார். ஆடவில்லை என்றதும் நம்பவில்லை. ஆடாமல் கிடந்த தோல் எப்படி இவ்வளவு இளக்கமாக இருக்கும் என்று கேட்டார். கிருஷ்ணமூர்த்தி சார் என்னைக் கைகாட்டி, "இவரைக் கேளுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

சூட்டு அலமாரி என்றேனே, அது என்னவென்று சொல்ல வேண்டும். மும்பை மழையில் செருப்புகூட நாலு நாளைக்குக் காயாது. அதற்காகத் தேக்கு அலமாரி ஒன்றுக்குள் அடித்தட்டில் அறுபது வாட் பல்பு ஒன்று மாட்டி வைத்திருந்தோம். நனைந்த ஷூக்களும் காலிப் பைகளும் அதற்குள் போகும். காலையில் வெதுவெதுவென்று வெளியே வரும். மட்டைகள் மட்டும் போகக் கூடாது. சூடு பட்டால் பசை இளகும். சேர்ந்த முதல் வாரமே சார் சொன்ன விதி அது.

சூடு பட்டதா என்று கண்டுபிடிக்க நானே ஒரு வழி வைத்திருந்தேன். தோலில் குறி போடுகிற வெள்ளிப் பென்சில் எங்களிடம் உண்டு. கழுத்து வளையத்தின் மேல் விளிம்பு தண்டில் எங்கே முடிகிறதோ, அங்கே மயிரிழைக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். சூடு பட்டால் வளையம் மெல்ல மேலே நகரும். கோடு வளையத்துக்கு அடியில் மறைந்துவிடும். மே மாதத்தில் கார் டிக்கியில் மட்டைகளைப் போட்டு வாரக் கணக்கில் விடுகிற பெரிய மனிதர்களை இந்தக் கோட்டை வைத்தே பிடித்திருக்கிறேன். "காரில் வைக்கவே இல்லை" என்பார்கள். "கோடு எங்கே சாப்?" என்பேன். மறுநாளே பை அறைக்கு வந்துவிடும்.

இனி முருகேசன் விஷயம்.

மான்குர்த் தமிழ்ப் பையன். பையன் என்று வழக்கத்தில் சொல்கிறேன். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆனவன். மெம்பர்களுக்குப் பை சுமக்கிற கேடியாக இருந்துகொண்டே ஆடக் கற்றுக்கொண்டான். திங்கட்கிழமை மெம்பர்களுக்கு ஆட்டம் கிடையாது; அன்றைக்குக் கேடிகள் ஆடலாம். அவன் ஆடுவதைப் பார்த்த ஒரு டாக்டர் மெம்பர் தன்னுடைய செட்டை அவனுக்கே கொடுத்துவிட்டார். தொழில்முறை ஆட்டக்காரனாக வேண்டுமானால் ஒரு தகுதிச் சுற்று ஆடித் தேற வேண்டும். அந்த வருஷம் அது புனேயில், மழைக்கு நடுவில். முந்தின வருஷம் தவறவிட்டவன். இந்தத் தடவையும் தவறினால் மாமனார் பார்த்து வைத்திருக்கிற கிடங்கு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

அவன் வீட்டுக் கூரை ஒழுகும். மெம்பர் அல்லாதவர் பையை அறையில் வைக்க விதி கிடையாது. கிருஷ்ணமூர்த்தி சார், "என் பேர்ல வச்சுக்கோங்கோ" என்று ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அப்போது நான் அந்த வேலையில் பதினைந்து வருஷம் முடித்திருந்தேன்.

வியாழனும் வெள்ளியும் புனேயில் ஆட்டம். புதன்கிழமை மத்தியானம் ரயில். திங்கட்கிழமை கொட்டுகிற மழையில் அவன் பயிற்சி ஆடிவிட்டுப் பையைக் கொண்டுவந்து வைத்தான். பை தொப்பலாக நனைந்திருந்தது. சார் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காக லீவு. சயானில் தண்ணீர் ஏறுகிறது, இனிமேல் பஸ் இருக்காது என்று காவலாளி வந்து அவசரப்படுத்தினான். அலமாரியின் அறுபது வாட் பல்பு அன்றைக்கென்று பார்த்து ஃபியூஸ் போயிருந்தது. ஸ்டோரில் இருந்தது இருநூறு வாட் பல்பு, வராந்தாவுக்கு வாங்கியது. அதை மாட்டினேன். முருகேசன் பை நன்றாகக் காய வேண்டுமே என்று பல்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். மட்டைகளை வெளியே எடுக்கவில்லை.

விதி எனக்குத் தெரியாதா? தெரியும். விதி எல்லாம் புதுசாக வருகிறவர்களுக்கு, நமக்கு இல்லை என்று ஒரு திமிர். கைக்குட்டையே வராத கை இல்லையா! ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அலமாரியைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. பை சருகாகக் காய்ந்திருந்தது. மட்டைகளை எடுத்துக் கழுத்தைப் பார்த்தேன். டிரைவரில் கோடு இல்லை. ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் இரும்புகளிலும் கோடு இல்லை. வளையம் நாலிலும் மேலே ஏறியிருந்தது.

கட்டைவிரலால் டிரைவரின் வளையத்தைக் கீழே தள்ளினேன். சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு இறங்கியது. கோடு மறுபடியும் தெரிந்தது. மற்ற மூன்றையும் அப்படியே தள்ளினேன். இப்போது யார் பார்த்தாலும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. தப்பைப் பிடிப்பதற்கென்று நான் போட்ட கோட்டை நானே பொய் சொல்ல வைத்திருந்தேன். பசை திரும்ப இறுகியும் இருக்கலாம். புனேயில் ஆட்டத்தின் நடுவில், ஓங்கி அடிக்கும்போது தலை தனியாகப் பறக்கவும் செய்யலாம். அல்லாவே, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாமா என்று ஒரு பத்து நிமிஷம் நினைத்தேன்.

ரயில் குர்லாவுக்கு மேல் ஓடவில்லை. கிருஷ்ணமூர்த்தி சார் பேண்டை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழரைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன செய்யது, உடம்புக்கு முடியலையோ?"

"சார், தப்புப் பண்ணிட்டேன் சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். வளையத்தைத் தள்ளியதையும் சொன்னேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார்.

"எத்தனை வாட்?"

"இருநூறு சார்."

"எத்தனை மணிக்குப் போட்டேள்?"

"நாலு இருக்கும்."

"எந்தெந்த ஸ்டிக்?"

காட்டினேன். பசை டப்பாவை எடுக்கத் திரும்பினேன். உடனே ஒட்டிவிட வேண்டும் என்ற பரபரப்பு. என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லணும். அப்புறம்தான் பசை. அவரோட சாமான் அது. சொல்லாம தொட நமக்கு உரிமை கிடையாது. நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான் சார் சொல்லணும்."

"ஆமா. நீங்கதான் சொல்லணும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அலமாரிக்குள் கையை விட்டு அந்த இருநூறு வாட் பல்பைக் கழற்றித் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

எட்டரைக்கு முருகேசன் வந்தான்.

"சலாம் பாய். பேக் காஞ்சிடுச்சா? நெட்ல கொஞ்சம் அடிச்சிட்டு வச்சிடறேன். இன்னிக்கு கை ஏக்தம் ஃபிரீயா இருக்கு."

"உக்காரு முருகேசா."

"ஏன் பாய்? என்னாச்சு?"

"நேத்து உன் பேக்கை ஸ்டிக்கோட சூட்டு அலமாரில வச்சிட்டேன்ப்பா. பல்பு வேற பெரிசு. நாலு ஸ்டிக்குல பசை எளகிப் போச்சு. டிரைவர்லயும். வேற யாரும் தொடலை. நான் செஞ்ச வேலைதான்."

அவன் மேசையில் கிடந்த நாலு மட்டைகளையும் பார்த்தான். டிரைவரை எடுத்துக் கழுத்தைத் தடவினான். பிறகு மெதுவாகத்தான் பேசினான்.

"கூரை ஒழுகுதுன்னுதான பாய் உங்ககிட்ட குடுத்தேன். ஸ்டிக்கைக் கட்டில் மேல வச்சுக்கலாம், நாம கீழ படுத்துக்கலாம்னு அவ சொன்னா. நான்தான், அடி போடி, செய்யது பாய்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கற மாதிரின்னு சொன்னேன்."

அவன் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. 

சார்தான் இடையில் வந்தார். "முருகேசன், ரெண்டு வழி இருக்கு. டாக்டர்கிட்ட பேசி அவரோட புது செட்டை நான் வாங்கித் தரேன். இல்லேன்னா செய்யது நாலையும் பிரிச்சு மறுபடி ஒட்டுவார். ஒட்டினா இருபத்துநாலு மணி நேரம் தொடப்படாது. நாளைக்கு உங்க ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஆயிடும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"வேற ஆள் செட்டு என் கைக்கு வராது சார்." என் பக்கம் திரும்பினான். "நேத்து இதை வச்ச அதே கையாலதான ஒட்டப் போறீங்க?"

"அதே கைதான்."

 ஸ்டூலை இழுத்து என் மேசைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். "ஒட்டுங்க. என் கண்ணு முன்னால ஒட்டுங்க. பேச வேணாம்."

என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வேலை செய்ததில்லை. இரும்புத் தலையின் கழுத்தை மட்டும் சூடுகாட்டி, மேசையில் இருந்த மர இடுக்கியில் தண்டை இறுக்கித் தலையைக் கழற்றினேன். டிரைவரின் தண்டு கார்பன். அதைத் திருகினால் உள்ளே நார் நாராகப் பிரிந்துவிடும். குறைந்த சூட்டில், திருகாமல், நேராக இழுக்க வேண்டும். மூன்று தடவை சூடு காட்டி மூன்று தடவை இழுத்தேன். முருகேசன் ஸ்டூலோடு இன்னும் கிட்டே நகர்ந்தான். நாலாவது தடவை தலை கையோடு வந்தது. தண்டு முழுசாக இருந்தது. பழைய பசையைத் தண்டிலிருந்தும் துளையிலிருந்தும் சுரண்டி எடுத்தேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். துளைக்குள் இத்தனூண்டு ஈரம் இருந்தாலும் பசை பிடிக்காது. அந்த மழையில் காற்றெல்லாம் ஈரம். ஒவ்வொரு துளையையும் முடி காயவைக்கிற மெஷினால் ஊதி உலர்த்தினேன். இரண்டு டியூப் பசையையும் சரிக்குச் சரி பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை குழைத்தேன். தண்டின் நுனியிலும் துளைக்குள்ளும் தடவி, மெல்லச் சுற்றி இறக்கி, வழிந்த பசையைத் துடைத்தேன். பிடியின் கோடும் தலையின் முகமும் நேர் பார்க்கின்றனவா என்று தரையில் நிறுத்திப் பார்த்தேன். முருகேசனையும் பார்க்கச் சொன்னேன். அவன் ஏழாம் நம்பரை மட்டும், "ஒரு மயிரிழை உள்ள" என்று சைகை காட்டினான். அவன் சொன்னது சரி. திருத்தினேன். நாலாவது மட்டையைச் சுவரோரம் நிறுத்தியபோது மணி பதினொன்றேகால். புதிதாக நாலு கோடு போட்டேன்.

மறுநாள் பதினொன்றேகால்வரை அந்த நாலையும் யாரும் தொடவில்லை. சார் அறைக் கதவையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். பிறகு மூன்று பேரும் பயிற்சி வலைக்குப் போனோம். "பறக்கறதுன்னா இங்கயே பறக்கட்டும்" என்றார் சார். முருகேசன் டிரைவரை எடுத்தான். முதல் அடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். டணார் என்று சத்தம். பந்து வலையில் விழுந்தது. தலை தண்டில் இருந்தது. டிரைவரால் பத்து, ஒவ்வொரு இரும்பாலும் பத்து. ஒவ்வொரு மட்டையையும் வாங்கிக் கோட்டைப் பார்த்தேன். நாலு கோடும் போட்ட இடத்தில் இருந்தன. அவன் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, சாரிடம் மட்டும் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "புனேல மழையா இருக்குமோ?" என்று கதீஜாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அந்தப் பையன் ஜெயிக்கணும்னு துஆ கேளுங்க, மழையை ஏன் கேக்கீங்க?" என்றாள். ஜெயிப்பது அவன் பாடு. தலை கழன்று அவன் தோற்றுவிடக் கூடாது என்பதுதான் என் துஆ. ஒரு தலை கழன்றாலும் மறுநாளே வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாரிடம் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கேட் பக்கம் ஒரே கூச்சல். கேடிகள் எல்லாரும் முருகேசனைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். தேறிவிட்டான். தேறியவர்கள் பட்டியலில் கடைசி இடத்துக்கும் அவனுக்கும் நடுவில் இன்னும் ரெண்டு பேர் இருந்தார்களாம். யாரோ அவன் தலையில் துண்டைக் கட்டி ஆட்டம் போட்டார்கள். டாக்டர் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். "இனிமேல் உன் பையை என் வீட்டில் வைத்துக்கொள், ஏசி அறை இருக்கிறது" என்று அவர் ஹிந்தியில் சொன்னது என் மேசைவரை கேட்டது. நியாயமான பேச்சுதான். நான் துணியை எடுத்து ஏற்கனவே துடைத்த ஒரு மட்டையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அறைக்கு வந்தான். பை மேலெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து இறக்கி என் மேசைமேல் வைத்தான்.

"வர்ற வழியெல்லாம் மழை பாய். ஃபுல்லா நனைஞ்சிடுச்சு. காய வைங்க."

தலையை ஆட்டினேன். முதலில் மட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நான் பையை எங்கே வைக்கிறேன் என்று அவன் நின்று பார்க்கவில்லை. கேடிகள் கூப்பிட, டீ குடிக்கப் போய்விட்டான்.